ரெஜியோ எமிலியா முறைங்கறாங்களே, ஒரு இத்தாலி ஊரோட ப்ரீஸ்கூல் எப்படி உலகம் முழுக்கப் போச்சு?

கேள்விக்குக் கீழ இன்னொன்னும் கேட்டிருக்கீங்க, "எங்க ஏரியால ரெஜியோ இன்ஸ்பயர்டுனு ஒரு ப்ரீஸ்கூல் வந்திருக்கு, ஃபீஸ் ரொம்ப ஜாஸ்தி, சேக்கலாமா"னு. நான் ஸ்டாக்ஹோம்ல இருக்கேன், என் பையன் போற ப்ரீஸ்கூலும் இந்த வழிதான், அதனால அந்த சின்ன கேள்விக்கும் சேத்தே சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

முதல்ல ஒன்னு, ரெஜியோ எமிலியாங்கறது மாண்டிசோரி மாதிரி ஆள் பேர் இல்ல, வட இத்தாலில ஒரு ஊரு. 1945 வசந்த காலத்துல போர் முடிஞ்ச சில நாள்லயே அந்த ஊருக்குப் பக்கத்துல வில்லா செல்லாங்கற கிராமத்து ஜனங்க ஒரு ஸ்கூல் கட்ட ஆரம்பிச்சாங்க. காசு எங்கிருந்து வந்துச்சுனா, ஓடிப்போன ஜெர்மன் படை விட்டுட்டுப் போன ஒரு டாங்கி, கொஞ்சம் லாரி, சில குதிரை, அதையெல்லாம் வித்த பணம். குண்டு விழுந்து இடிஞ்ச வீட்டுச் செங்கலைப் பொறுக்கிப் பொம்பளைங்க கழுவி அடுக்கினாங்க, மணல் ஆத்துல இருந்து வந்துச்சு. லோரிஸ் மலகுட்ஸினு ஒரு இளவயசு வாத்தியார் இதைக் கேள்விப்பட்டு சைக்கிள் மிதிச்சுப் போய்ப் பாத்தார், பாத்தவர் அதுக்கப்புறம் வாழ்க்கை முழுக்க இந்த வேலையிலயே இருந்துட்டார். அதாவது இது ஒரு நிபுணர் ரூம்ல உக்காந்து எழுதின திட்டம் இல்ல, ஸ்கூலைக் கட்டினது அப்பா அம்மாங்க, யோசனையெல்லாம் அதுமேல பின்னாடி வந்து உக்காந்தது.

1963ல முனிசிபாலிட்டியே முதல் ப்ரீஸ்கூலைத் திறந்துச்சு. இத்தாலில அதுவரைக்கும் சின்னப் பிள்ளைங்க படிப்பு பெரும்பாலும் சர்ச் கைல இருந்துச்சு, அரசாங்க ப்ரீஸ்கூலுக்குனு சட்டமே 1968லதான் வந்துச்சு, அதனால இவங்க மேல அங்க நிறைய பேருக்குக் கோபம். 1976ல ரேடியோல இவங்களைத் திட்டி ஒரு பிரச்சாரமே நடந்துச்சு. மலகுட்ஸி என்ன பண்ணார்னா, ஸ்கூல் கதவைத் திறந்து விட்டு பாதிரியார்கள் உட்பட எல்லாரையும் வந்து பாருங்க, பேசுவோம்னு கூப்பிட்டு மாசக்கணக்குல விவாதம் நடத்தினார். எனக்கு இந்தக் கதைல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

சரி உள்ள என்ன நடக்குது? இதுக்கு அவங்களே புத்தகமாப் போட்ட ஒரு நிகழ்ச்சியைச் சொன்னாப் போதும். அந்த ஊர்ல டயானாங்கற ப்ரீஸ்கூல்ல, ஏற்கெனவே இருக்கற மாதிரியே இன்னொரு டேபிள் தேவைப்பட்டுச்சு, தச்சர் வந்து அளவு குடுங்கனு கேட்டார். அஞ்சு ஆறு வயசுப் பிள்ளைங்க, நாங்களே அளக்கறோம்னு எறங்கிட்டாங்க. விரலால அளந்தாங்க, கையால, காலால, தாங்களே ஸ்கேல் மாதிரி செஞ்சு அதுல நம்பரைத் தாறுமாறா எழுதி அளந்தாங்க, ஒருத்தர் அளவு இன்னொருத்தருக்கு ஒத்து வரல, கடைசில ஒரு பையனோட ஷூவைக் கழட்டி அதையே எல்லாரும் அளவா வெச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் நிஜ மீட்டர் டேப் வந்துச்சு. டீச்சர் முதல் நாளே டேப்பைக் குடுத்திருந்தா ரெண்டு நிமிஷ வேலை, ஆனா அளவுன்னா என்ன, எல்லாருக்கும் பொதுவா ஒன்னு எதுக்கு வேணும்ங்கறது அந்தப் பிள்ளைங்களுக்குப் பிடிபட்டிருக்காது. இதையெல்லாம் டீச்சர்ங்க பக்கத்துலயே இருந்து போட்டோ எடுத்து, பிள்ளைங்க பேசினதை வார்த்தை மாறாம எழுதி வெச்சு, அப்புறம் உக்காந்து பேசி, நாளைக்கு என்ன கேக்கலாம்னு முடிவு பண்ணுவாங்க. சிலபஸ்ங்கற இடத்துல இவங்ககிட்ட இருக்கறது இந்தக் குறிப்புகள்தான்.

வெளிநாட்டுக்குப் போன கதை 1981ல இங்க ஸ்டாக்ஹோம்லதான் சூடு பிடிச்சுது. மாடர்னா மியூசியம்ங்கற நவீன ஓவிய மியூசியத்துல ரெஜியோ பிள்ளைங்களோட வேலைகளைக் கண்காட்சியா வெச்சாங்க. அப்புறம் "குழந்தைகளின் நூறு மொழிகள்"னு பேர் வெச்சு அது ஊர் ஊராப் போச்சு, 1987ல அமெரிக்காவுக்கும். 1991 டிசம்பர்ல நியூஸ்வீக் பத்திரிகை உலகத்துலயே சிறந்த ஸ்கூல்கள்னு ஒரு லிஸ்ட் போட்டுச்சு, சின்னப் பிள்ளைங்க படிப்புக்கு இந்த டயானா ஸ்கூலைத்தான் அதுல போட்டிருந்தாங்க, அதுக்கப்புறம் அந்த ஊருக்கு டீச்சர்ங்க பஸ் பஸ்ஸா வந்து எறங்க ஆரம்பிச்சாங்க. 1994 ஜனவரில மலகுட்ஸி இறந்துட்டார், அதே வருஷம் ரெஜியோ சில்ட்ரன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சு, வர்ற விருந்தாளி, கண்காட்சி, புத்தகம் எல்லாத்தையும் அவங்க பாத்துக்கிட்டாங்க. 2006ல ஒரு பழைய சீஸ் குடோனையே சர்வதேச மையமா மாத்தித் திறந்தாங்க.

இதுல கவனிக்க வேண்டியது, அவங்க இதை ஃபிரான்சைஸா விக்கல. "ரெஜியோ ஸ்கூல்"னு முத்திரை குத்தித் தர்ற சர்டிபிகேட் எதுவும் கிடையாது, எங்களைக் காப்பி அடிக்காதீங்க, உங்க ஊருக்கு ஏத்த மாதிரி நீங்களே யோசிங்கனுதான் சொல்றாங்க. நல்ல எண்ணம்தான், ஆனா அதனாலயே யார் வேணும்னாலும் "இன்ஸ்பயர்டு"னு போர்டு வெச்சுக்கலாம், கேக்க ஆள் இல்ல.

ஸ்வீடன்ல இது ஓரளவு வேரோட ஒட்டினதுக்குக் காரணம் இங்கயும் ப்ரீஸ்கூல் பெருசா முனிசிபாலிட்டி பணத்துலதான் ஓடுது, டீச்சருக்கு மரியாதையான சம்பளம், 1993லயே இதுக்குனு தனி இன்ஸ்டிடியூட் வேற. பையனோட பேரன்ட்ஸ் மீட்டிங்ல டீச்சர் எனக்குக் காட்டினது, குளிர்காலத்துல பனி மேல நடந்தா ஏன் கிறீச்னு சத்தம் வருதுனு இவனும் இன்னும் மூணு வாண்டும் பேசிக்கிட்டதை எழுதின பேப்பரும் அவங்க வரைஞ்ச படமும். எங்க அம்மாகிட்ட போன்ல சொன்னேன், "அதெல்லாம் சரி, எழுத எப்போ சொல்லித் தருவாங்க"ன்னாங்க. நியாயமான கேள்விதான், இங்க ஆறு வயசுக்கு முன்னாடி அதுக்கு யாரும் அவசரப்பட மாட்டாங்க, நம்ம ஊர் எல்கேஜி இண்டர்வியூவை நெனச்சா எனக்கே வயித்தக் கலக்கும்.

பெத்தவங்க கையக் கடிக்கற ஃபீஸ் கட்டற தனியார் ஸ்கூல்னு வர்ற எடத்துல எல்லாம், என் பார்வைல, சுலபமாப் போய்ச் சேந்தது வெளித்தோற்றம் மட்டும்தான். மர ஷெல்ஃப், அடில இருந்து லைட் எரியற டேபிள், கண்ணாடி ஜாடில கூழாங்கல்லு, பிளாஸ்டிக் இல்லாத ரூம், இன்ஸ்டாகிராம்ல பாக்க அள்ளும். கூட வராம ரெஜியோலயே நின்னுட்டது டீச்சரோட நேரம். ரெஜியோல ஒரு கிளாசுக்கு ரெண்டு டீச்சர், அதே பிள்ளைங்களோட மூணு வருஷம், ஸ்கூலுக்கு ஒரு ஆர்ட் ஸ்டுடியோ, அதுக்குனு தனி ஆள், ஸ்கூலுக்குள்ளயே சமையல். 1990கள்ல வந்த விவரப்படி டீச்சருக்கு வாரம் 36 மணி நேர வேலைல 30 மணி நேரம்தான் பிள்ளைங்களோட, மீதி 6 மணி நேரம் கூடிப் பேசறதுக்கும் எழுதறதுக்கும்.

அதனால நீங்க பாத்த ஸ்கூலுக்குப் போனா ரூமை ரசிச்சுட்டு வந்துடாதீங்க. போன மாசம் பிள்ளைங்க எதைப் பத்தி யோசிச்சாங்க, அதை எழுதி வெச்சிருக்கீங்களா, காட்டுங்கனு கேளுங்க. செவுத்துல ஒட்டியிருக்கற எல்லாப் படமும் ஒரே மாதிரி இருந்துச்சுனா டீச்சர் வரைஞ்சு குடுத்து கலர் மட்டும் அடிக்க விட்டிருக்காங்கனு அர்த்தம். டீச்சர் வருஷா வருஷம் மாறறாங்களா, பிள்ளைங்க போனப்புறம் உக்காந்து எழுதறதுக்கு அவங்களுக்கு சம்பளம் உண்டா, இல்ல அதையும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் ராத்திரி பண்றாங்களானு அங்க வேலை பாக்கற டீச்சர்கிட்டயே தனியா விசாரிங்க, பிரின்சிபால்கிட்ட இல்ல. இதுக்கெல்லாம் ஒழுங்கா பதில் வந்துச்சுனா, கட்ட முடியும்னா சேருங்க. வரலன்னா அந்த ஃபீஸ்ல பாதி கேக்கற, விளையாட விடற ஏதாவது ஒரு சாதாரண ப்ளே ஸ்கூல் போதும்.