வெறும் மண்ணில் ஒரு பூ

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டுப் புறவாசலில் முருங்கை மரத்தடியில் இலை, தண்டு எதுவும் இல்லை. சித்திரை மழை பெய்து ஒரு வாரத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு கறுஞ்சிவப்பாய் ஒரு பூ வந்திருக்கிறது. செத்த எலி நாற்றம் அடிக்கிறது. "வீட்டுக்கு ஆகாது, தோண்டி எறி" என்கிறார் அத்தை. என்ன செய்ய?
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: எறிஞ்சிராதீங்க தங்கச்சி! அது சேனைக்கிழங்குப் பூ.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் தொழுவத்துப் பக்கம் அது முதல் தடவை பூத்தபோது, எதுவோ செத்துக் கிடக்கிறது என்று வைக்கோல் படப்பையெல்லாம் புரட்டித் தேடினேன். பிறகு பூவைக் கண்டு பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்தேன். பாவாடை ஓரம்போல் சுருக்கம் விழுந்த மடல். நடுவில் மடிப்பு மடிப்பாய்க் கறுஞ்சிவப்புக் குமிழ், தொட்டால் வெதுவெதுப்பு. அதன் கீழே ஆண் பூக்கள், அதற்கும் கீழே பெண் பூக்கள். பெண் பூ முதலில் தயாராகிவிடும், மகரந்தம் அப்புறம்தான் உதிரும். ஆகவே வேறொரு செடியின் மகரந்தத்தை வண்டுதான் சுமந்து வர வேண்டும். அந்த வண்டைக் கூப்பிடத்தான் இந்த அழுகல் வாடை. ஓரிரு நாளில் அடங்கிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுமத்ராத் தீவில் இதன் பங்காளி ஒன்று ஆள் உயரத்தையும் தாண்டிப் பூக்கும். 1889-ல் லண்டன் கியூ தோட்டத்தில் அது பூத்தது.

எட்டு, ஒன்பது மாதத்தில் நாம் தோண்டிவிடுவதால் சேனை பூத்துப் பார்ப்பது அபூர்வம். உங்கள் வீட்டுக் கிழங்கு சில வருஷம் மண்ணிலேயே கிடந்து பெருத்திருக்கிறது. ஆகாது என்கிற அத்தையிடம் ஒன்று கேளுங்கள்: தைப் பொங்கலுக்குச் சிறுகிழங்கு, பனங்கிழங்கோடு சேனையையும் வைத்துத்தானே நம் ஊரில் சூரியனைக் கும்பிடுகிறோம்? படைக்க ஆகிற கிழங்கின் பூ வீட்டுக்கு ஆகாமல் போகுமா?

பூவுக்காகக் கிழங்கு தன் சத்தைச் செலவழித்திருக்கும். இப்போது தோண்டாதீர்கள். பூ வாடியபின் புள்ளித் தண்டில் குடைபோல இலை விரியும். மக்கிய சாணம் போடுங்கள், தண்ணீர் தேங்க விடாதீர்கள். இலை பழுத்துச் சாய்ந்ததும் எடுக்கலாம்.

நறுக்கும்போது கவனம். கிழங்குக்குள் ஊசி ஊசியாய்க் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. ஒருமுறை அவசரத்தில் ஈரக்கையோடு தோல் சீவிவிட்டு, ராத்திரி முழுக்கக் கையைச் சொறிந்துகொண்டு கிடந்தேன். இப்போதெல்லாம் தேங்காயெண்ணெய் தடவாமல் சேனையைத் தொடுவதில்லை. துண்டுகளைப் புளித்தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு வறுத்தால் நாக்கு அரிக்காது.