ரேட்டை மாத்துனது எந்த கம்ப்யூட்டர்?

கேள்வி: எங்க ஹார்டுவேர் கடையில நாலு பில்லிங் கவுன்ட்டர், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். நாலுலயும் ஒரே யூசர் பேர்லதான் உள்ள போறாங்க. பெயின்ட் டப்பா ரேட்டை யாரோ மாத்திடறாங்க, கேட்டா எல்லாரும் நான் இல்லங்கறாங்க. எந்த சிஸ்டத்துல இருந்து மாத்துனாங்கன்னு பிடிக்க முடியுமா சார்?
– வாசகர், ஈரோடு

பதில்: நடந்து முடிஞ்சதை பிடிக்கறது கஷ்டம்ங்க, லாக்ல ஐபி விழற மாதிரி முன்னாடியே செட் பண்ணியிருந்தாத்தான் உண்டு. இனிமே நடக்கறதை பிடிச்சிடலாம். போஸ்ட்கிரெஸ்ல ஐநெட்_க்ளையன்ட்_அட்ர்னு (inet_client_addr) ஒரு ஃபங்ஷன் இருக்கு, 2005ல வந்த 8.0 வெர்ஷன்லயே சேர்த்துட்டாங்க (கடைசியில அட்ரஸ்னு முழுசா அடிச்சிடாதீங்க, எர்ரர் வரும்). கூப்பிட்டா, இந்த கனெக்‌ஷன் எந்த ஐபில இருந்து வந்திருக்குன்னு சொல்லும்.

ரேட் டேபிளுக்கு ஒரு அப்டேட் ட்ரிக்கர் (ரேட் மாறுனதும் தானா ஓடற ஃபங்ஷன்) போட்டு பழைய ரேட், புது ரேட், நேரம், கூடவே இந்த ஐபி எல்லாத்தையும் தனி டேபிள்ல எழுத வைங்க, அந்த டேபிள்ல கை வைக்கற உரிமையை பில்லிங் யூசருக்கு குடுக்காம, ட்ரிக்கர் ஃபங்ஷனை செக்யூரிட்டி டிஃபைனரா (கூப்பிடறவர் உரிமையில இல்லாம, ஃபங்ஷனோட ஓனர் உரிமையில ஓடற மாதிரி) போடணும், இல்லன்னா மாத்துனவரே தடயத்தையும் அழிச்சிடுவாரு. ஐபியை, ஐபிக்குன்னே இருக்கற ஐநெட் டைப்லயே சேவ் பண்ணுங்க. டெக்ஸ்ட்டா மாத்துனா 192.168.1.23/32னு வாலோட வந்து நிக்கும், முதல் தடவை அதைப் பார்த்துட்டு நெட்வொர்க் செட்டிங்தான் தப்புன்னு நெனச்சு எனக்கு ஒரு மத்தியானமே போச்சு. ஹோஸ்ட்ங்கற ஃபங்ஷனுக்குள்ள போட்டா வால் போயிடும்.

சில சமயம் ஐபிக்கு பதிலா நல்னு (NULL, அதாவது காலியா) வரும். பக் இல்ல அது. சர்வர் மெஷின்லயே உக்காந்து யுனிக்ஸ் சாக்கெட் (நெட்வொர்க் இல்லாம அதே மெஷினுக்குள்ள இருக்கற வழி) வழியா உள்ள வந்திருக்காங்கன்னு அர்த்தம், உங்க கேஸ்ல அதுவே நல்ல துப்பு!

ரவுட்டர்ல நாலு சிஸ்டத்துக்கும் ஐபியை ஃபிக்ஸ் பண்ணிடுங்க, இல்லன்னா இன்னைக்கு 23ல இருந்த சிஸ்டம் நாளைக்கு 24ல இருக்கும், பாவம் வேற யாராவது திட்டு வாங்குவாங்க.

இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி நாலு கவுன்ட்டர்லயும் பில்லிங் சாஃப்ட்வேர் ஓடறப்ப, சர்வர்ல பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டிங்கறதை (இப்ப யார் யார் கனெக்ட் ஆகியிருக்காங்கன்னு காட்டற லிஸ்ட்) செலக்ட் போட்டு க்ளையன்ட்_அட்ர்ல என்ன வருதுன்னு பாருங்க. நாலு வேற வேற ஐபி தெரிஞ்சா ட்ரிக்கரை எழுத ஆரம்பிங்க. எல்லாத்துக்கும் ஒரே ஐபின்னா நடுவுல ஒரு வெப் சர்வரோ பிஜிபவுன்சரோ (எல்லார் கனெக்ஷனையும் வாங்கி டேட்டாபேஸுக்கு அனுப்பற புரோகிராம்) உக்காந்திருக்கு, அப்ப இந்த ஃபங்ஷன் அதோட ஐபியைத்தான் சொல்லும், சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவரைத்தான் கூப்பிடணும்.