மதுரை வெயிலில் மொட்டை மாடியில் லெட்யூஸ் வளருமா?

சாலட்டில் பச்சையாகச் சாப்பிடும் இந்தக் கீரையின் விதையை இரண்டு பாக்கெட் போட்டும் ஒன்றுகூட முளைக்கவில்லை, நம் ஊருக்கு இது சரிப்படாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிப்படும். ஒத்தக்கடையில் யானைமலை தெரிகிற எங்கள் மாடியில் நான்கு வருஷமாக வளர்க்கிறேன். ஆனால் கார்த்திகையிலிருந்து மாசி தொடக்கம் வரைதான் நமக்குக் கொடுப்பினை.

உங்கள் விதையில் கோளாறு இருக்காது என்றுதான் நினைக்கிறேன். லெட்யூஸ் விதைக்கு ஒரு குணம் உண்டு. மண்ணின் சூடு 28, 30 டிகிரியைத் தாண்டினால், ஈரம் இருந்தாலும் முளைக்காமல் உறங்கிவிடும். நீங்கள் புரட்டாசியில் போட்டதாகச் சொல்கிறீர்கள். அந்த மாதம் நம் மாடித் தளம் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். எனக்கும் முதல் வருஷம் முழுக்க இப்படித்தான் போயிற்று. விதை விற்ற கடைக்காரரைக்கூடத் திட்டினேன், பாவம்.

அப்புறம் கற்றுக்கொண்டது இது. ஈரமான டிஷ்யூ பேப்பரில் விதையைப் பரப்பி, ஒரு டப்பாவில் மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மூன்று நாள் வையுங்கள். நான்காம் நாள் சாயங்காலம், வெயில் இறங்கிய பிறகு, நாற்றுத் தட்டில் தூவுங்கள். மண் போட்டு மூட வேண்டாம், விரலால் லேசாக அழுத்தினால் போதும். பல ரகங்களுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். சிவப்பு ஒளி பட்டால் முளைக்கிறது, சிவப்பைத் தாண்டிய ஒளி பட்டால் நின்றுவிடுகிறது என்று 1952-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது இந்த லெட்யூஸ் விதையை வைத்துத்தான். இவ்வளவு பொடி விதைக்குள் அப்படி ஒரு கணக்கு இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம். தட்டை நிழலில் வைத்து, ஸ்பிரேயரால் மட்டும் நனையுங்கள். நான்கைந்து நாளில் பச்சை தெரியும்.

ஐப்பசி அடைமழையில் நாற்று அழுகிவிடுகிறது. அதனால் நான் கார்த்திகை பிறந்த பிறகுதான் விதைக்கிறேன். அப்போது இரவில் 20, 21 டிகிரி வரை இறங்கும், அந்தக் குளிர்ச்சி போதும். உருண்டையாக இறுகும் ஐஸ்பெர்க் ரகத்துக்கு ஆசைப்படாதீர்கள், அது கொடைக்கானலுக்கு உரியது. இலை இலையாக விரியும் ரகம் வாங்குங்கள். நாற்றை எடுத்து நடும் பைக்குச் செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, கூட ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. வேர் மேலேயே ஓடுவதால் ஆழமான பை தேவையில்லை. காலை வெயில் படட்டும், பதினொரு மணிக்கு மேல் பச்சை நிழல் வலை வேண்டும். உங்கள் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பிடித்து வைத்த மழைத்தண்ணீரை ஊற்றுங்கள், இலை நுனி கருகாது.

முப்பத்தைந்து, நாற்பது நாளில் வெளி இலைகளை ஒடிக்கலாம். காலையில், வெயில் ஏறுமுன் ஒடியுங்கள், மொறுமொறுப்பே வேறு. நாங்கள் ஊறவைத்த பாசிப்பருப்பு, வெங்காயம், எலுமிச்சை சேர்த்துச் சாப்பிடுகிறோம். "பச்சை இலையை ஆடா திங்கும், நானா திங்கிறது?" என்று கேட்ட என் அப்பத்தா, இப்போது தட்டை நீட்டிக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

மாசியில் நடுத்தண்டு நீள ஆரம்பிக்கும், ஒடித்தால் பால் வடியும், இலை கசக்கும். அதைப் பருப்போடு கூட்டாக வேகவைத்தால் கசப்பு குறையும். கோடையில் இதோடு மல்லுக்கட்ட வேண்டாம், அந்தப் பையில் பருப்புக்கீரை போடுங்கள். நன்றாக வந்த இரண்டு செடியை மட்டும் பூக்க விடுங்கள். பஞ்சு கட்டியதும் விதையை உதிர்த்து, நிழலில் காயவைத்து, பாட்டிலில் இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். அலமாரியில் வைத்தால் சித்திரை வெயிலில் அதன் முளைப்புத் திறன் குறைந்துவிடும்.