வாசகர் கேள்வி: தேக்கு விட்டம் புத்தக அலமாரியைத் தாங்குமா?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத் துறைக் கட்டடத்துக்கு வயது 90-க்கு மேல். முதல் மாடித் தளம் மெட்ராஸ் டெரஸ் (மர விட்டங்கள் மேல் செங்கலைக் குத்தாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை போட்டது). தேக்கு விட்டங்கள் 10×20 செ.மீ., இடைவெளி 45 செ.மீ., நீளம் 3.6 மீட்டர். அங்குள்ள வகுப்பறையைப் புத்தகக் கிடங்காக்க நினைக்கிறோம். சில விட்டங்களின் முனை சுவரோரம் கறுத்திருக்கிறது. தளத்தை இடித்து கான்கிரீட் போடச் சொல்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?
– துறை நூலகர், சென்னை

பதில்: இடிக்காதீர்கள். அலமாரிகளையும் மாடிக்கு ஏற்றாதீர்கள்.

கட்டடம் தாங்க வேண்டிய சுமைகளைச் சொல்லும் இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 (பகுதி 2), வகுப்பறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ என்கிறது. 2.2 மீட்டர் உயர அலமாரிகள் நிற்கும் கிடங்குக்கு 600. அலமாரி அதற்கு மேல் உயர்ந்தால், ஒவ்வொரு மீட்டருக்கும் 200 கூடும். குத்துச் செங்கல், ஜல்லிக்காரை, தரை என்று தளத்தின் சொந்த எடையே சுமார் 350 கிலோ. உங்கள் அளவுகளுக்குக் கணக்குப் போட்டால், வகுப்பறைச் சுமையில் நல்ல தேக்கு நடுவில் சுமார் 10 மி.மீ. தொய்யும். நீளத்தில் 360-ல் ஒரு பங்கு என்ற எல்லையும் அதுதான். கிடங்கானால் 15 மி.மீ. உடனே ஒடியாது, ஆனால் மாணவர்கள் மாலையில் எழுந்து போய்விடுவார்கள், புத்தகங்கள் போகாது. ஓயாத பாரத்தில் மரம் வருடா வருடம் இன்னும் தொய்யும், மேலுள்ள செங்கல் வரி பிளக்கும். கிடங்கைக் கீழ்த்தளத்தில் வையுங்கள். மாடியில் படிப்பறை மட்டும் என்றால் 300 கிலோவே போதும்.

15 செ.மீ. கான்கிரீட் தளமும் 375 கிலோ, பாரம் குறையப்போவதில்லை. இடிக்கும் நாட்களில் உயரமான சுவருக்குப் பக்கப் பிடிப்பு இருக்காது. தளம் உட்காரச் சுவர் நெடுகக் காடி வெட்டினால் சுண்ணாம்புக் கட்டு தளரும்.

கறுத்த முனைகளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சுவரை ஒட்டி, விட்டத்தின் பக்கவாட்டில் 6 மி.மீ. துளை போடுங்கள். நல்ல தேக்கு பொன்னிறச் சுருளாக வரும். ஈரமான கரும்பொடி வந்தாலோ, துரப்பணம் சட்டென்று உள்ளே இறங்கினாலோ அது உளுத்த மரம். எல்லா விட்டங்களிலும் இரு முனைகளையும் பாருங்கள். வெளியே நிறம் மாறாத முனையும் உள்ளே உளுத்துப் போயிருக்கலாம்.

பழுது பார்க்கும் விட்டத்துக்குக் கீழிருந்து ஜாக்கி முட்டு கொடுங்கள்; முட்டின் அடியில் பலகை அவசியம். பாரத்தை ஏந்தினால் போதும். பழைய தொய்வை நிமிர்த்தப் போனால் மேலே செங்கல் வரி உடையும். உளுத்த பகுதியை அறுத்துவிட்டு, இருபுறமும் 150 மி.மீ. இரும்புச் சேனல் (‘C’ வடிவ இரும்பு) வைத்து, நல்ல மரத்தில் குறைந்தது ஒரு மீட்டர் ஏறும்படி 16 மி.மீ. போல்ட்டுகளால் இறுக்குங்கள். போல்ட்டுகளை மேலும் கீழுமாக மாற்றிப் போடுங்கள். ஒரே கோட்டில் போட்டால் மரம் பிளக்கும். சேனல் முனைகள் சுவருக்குள் 15 செ.மீ. போய், கான்கிரீட் திண்டு மேல் உட்கார வேண்டும். அடுத்தடுத்த இரண்டு விட்டங்களை ஒரே நேரத்தில் அறுக்கக் கூடாது.

கேள்வி: முனை மீண்டும் உளுக்காமல் இருக்க, வெளிச்சுவருக்கு சிமென்ட் பூச்சு பூசலாமா?

பதில்: வேண்டாம். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் மரமுனையில்தான் தங்கும். சுண்ணாம்புப் பூச்சே சரி. சுவருக்குள் இருக்கும் மரமுனையைச் சுற்றி 2–3 செ.மீ. காற்று இடைவெளி விடுங்கள். இத்தனைக்கும் முன்பாக மழைநீர்க் குழாய் அடைப்பையும் கைப்பிடிச் சுவர் விரிசலையும் சரிசெய்துவிட்டு, சுவர் காய்ந்த பிறகே மர வேலையைத் தொடங்குங்கள்.