முசாஷி: அறமும் நோன்பும்

அன்புள்ள ஐயா,

ஜப்பானின் மியமோட்டோ முசாஷியை அறக்கட்டுப்பாடு மிக்க நாடோடி வாள்வீரர் என்று எழுதியிருந்தீர்கள். 1612-இல் கன்ரியூ தீவில் தம்முடன் மோதவந்த வாள்வீரர் சசாகி கோஜிரோவை வேண்டுமென்றே காக்கவைத்துச் சினமூட்டி, துடுப்பைச் செதுக்கிச் செய்த மரவாளால் அவர் அடித்துக் கொன்றதாகப் படித்திருக்கிறேன். இதில் அறம் எங்கே இருக்கிறது?

அன்புள்ள நண்பருக்கு,

முசாஷியின் வளர்ப்பு மகன் ஐயோரி 1654-இல் கொகுராவில் நிறுவிய கல்வெட்டு, இருவரும் ஒரே நேரத்தில் வந்து சந்தித்ததாகவே சொல்கிறது. காக்கவைத்த கதையை 1776-இல் தொகுக்கப்பட்ட முசாஷியின் வரலாற்றில்தான் விரிவாகக் காண்கிறோம். ஆனால் இதைக் காட்டி அவரைத் தப்பவைக்க எனக்கு விருப்பமில்லை. ஏனெனில் எதிராளியை எரிச்சலூட்டி நிலைகுலையச் செய்வதை, தம் இறுதிக்காலத்தில் ரெய்கன்தோ குகையில் எழுதத் தொடங்கிய ‘ஐந்து வளையங்களின் நூலில்’ அவரே ஓர் உத்தியாகக் கற்பிக்கிறார்.

நாம் ‘புஷிதோ’ என்று அறிந்திருக்கும் சாமுராய் வீரநெறி, 1900-இல் நிதோபே இனாசோ ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலின் வழியாகவே உலகெங்கும் பரவியது. அதன் உயிர்நாடி தலைவனிடம் கொண்ட விசுவாசம். முசாஷியைப் போல, தலைவனே இல்லாத ரோனினை (சொல்லுக்குப் பொருள் ‘அலை மனிதன்’) அது எப்படிக் கட்டும்?

முசாஷியைக் கட்டியது அவர் தமக்கே விதித்துக்கொண்டது. 1645-இல், இறப்பதற்கு ஏழு நாட்களுக்கு முன், ‘தனித்து நடக்கும் வழி’ என்ற பொருள்படும் தலைப்பில் 21 வரிகளை எழுதினார். புத்தரும் தெய்வங்களும் போற்றத்தக்கவர்கள், ஆனால் அவர்களை நம்பியிரேன். செய்ததற்குப் பின்னர் வருந்தேன். என் ஒருவனுக்காகச் சுவையான உணவை நாடேன் என்று, பெரும்பாலும் ‘செய்யேன்’ என்னும் வாய்பாட்டிலேயே அவை செல்கின்றன. எதிராளியை எவ்வாறு நடத்தவேண்டும் என்பதற்கு அவற்றில் ஒரு வரிகூட இல்லை. ஆகவே உங்கள் கேள்வி நியாயமானது. நான் எழுதிய ‘அறம்’ பிழையான சொல், ‘நோன்பு’ என்றிருக்க வேண்டும். நோன்பு நோற்பவனைத்தான் கட்டுப்படுத்தும், எதிரில் நிற்பவனுக்கு அதனால் பாதுகாப்பு ஏதுமில்லை.

அறுபதுக்கும் மேற்பட்ட போட்டிகளில் தோற்றதே இல்லை என்று ‘ஐந்து வளையங்களின் நூலின்’ முன்னுரையில் கூறும் அவர், முப்பது வயதைக் கடந்து திரும்பிப் பார்த்தபோது, தம் கலையின் முழுமையால் வென்றதாகத் தமக்குத் தோன்றவில்லை என்றும், பிற பள்ளிகளின் குறைபாடுகூடக் காரணமாக இருந்திருக்கலாம் என்றும் எழுதுகிறார். பதின்மூன்று வயதில் வென்ற அரிமா கிஹேயின் பெயர் அங்கே இருக்கிறது. கோஜிரோவின் பெயர் இல்லை.