பழைய கடற்கண்ணியின் பாகம் கையில் கிடைத்தால் எப்படி அடையாளம் காண்பது? வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

இங்கிலாந்தின் கென்ட் கடற்கரைச் சேற்றிலிருந்து எடுத்து வந்த ஈயக் குழாய் ஒன்றின் படத்தை இணைத்து, இது போர்க்காலக் கடற்கண்ணியின், அதாவது கப்பல்களைத் தகர்க்கக் கடலில் இடும் கண்ணிவெடியின், பாகமா, தேய்த்துச் சுத்தம் செய்து அலமாரியில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தைப் பார்த்தால் அது பெரும்பாலும் ‘ஹெர்ட்ஸ் கொம்பு’ என்றே தோன்றுகிறது. தேய்க்க வேண்டாம், நிமிர்த்த வேண்டாம், இருக்கும் இடத்திலிருந்து அசைக்கவும் வேண்டாம். இங்கிலாந்தின் தென்கரையில் மூழ்கிய கப்பல்களைப் பார்ப்பதற்காக நெடுங்காலமாக நீரில் இறங்கி வருபவன் என்ற முறையில் சொல்கிறேனே தவிர, நான் வெடிபொருள் நிபுணன் அல்லன்.

முதல் உலகப் போர்க்காலப் படங்களில் உருண்டையான கண்ணியின் மேல் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருப்பவை இந்தக் கொம்புகள்தாம். வெளியுறை எளிதில் வளையும் ஈயம். உள்ளே பைக்குரோமேட் என்ற குரோமிய உப்பு கலந்த கந்தக அமிலம் நிரம்பிய கண்ணாடிக் குப்பி. அதற்கு அடியில் கரியும் துத்தநாகமும். கப்பல் மோதிக் கொம்பு வளையும்போது குப்பி உடைந்து, அமிலம் கீழே வழிந்து, அந்தக் கணத்தில்தான் மின்கலம் உருவாகி, வெடிப்பைத் தொடங்கிவைக்கும் டெட்டனேட்டருக்கு மின்சாரம் பாய்கிறது. அதுவரை மின்கலமே இல்லை என்பதால், ஆண்டுகள் செல்லச் செல்லத் தீர்ந்துபோவதற்கும் அதில் ஒன்றுமில்லை. நூறாண்டு கடந்த கொம்பும் வேலை செய்யக்கூடும். கண்ணியிலிருந்து முழுதாகக் கழன்று, வேறெதுவும் ஒட்டியிராத கொம்பு தனியாக வெடிக்காதுதான். ஆனால் குப்பி உடைந்து வரும் ஆரஞ்சு நிற அமிலம் தோலை அரித்துவிடும்; அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய நஞ்சு. உண்மையில் வேறெதுவும் ஒட்டியில்லையா என்பதைப் படத்தை வைத்து நானோ, கையில் வைத்துக்கொண்டு நீங்களோ தீர்மானிக்க முடியாது.

மற்ற பாகங்களில் சக்கரங்களும் கம்பிவட உருளையும் கொண்ட இரும்புப் பெட்டி, கண்ணியைக் கடலடியில் பிடித்துவைக்கும் நங்கூரம். தன்னளவில் அதில் வெடிமருந்து கிடையாது. இரும்பு உருண்டையைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலாது. இங்கிலாந்தின் சில கடலோர ஊர்களில் சிவப்பு வண்ணம் பூசி, காசு போடத் துளையிட்டு, மாலுமிகள் நலநிதி உண்டியலாக நிறுத்தியிருக்கிறார்களே, அவை விவரம் தெரிந்தவர்கள் காலிசெய்து கொடுத்தவை. கரையொதுங்கிய உருண்டையில் ஓட்டை தெரிகிறது என்பதால் அது காலி என்று பொருளில்லை. உருக்கி ஊற்றிய வெடிமருந்து பாறைபோல் இறுகி உள்ளேயே இருக்கும். உருவத்தில் சிறியதாயினும் மிகுதியாக அஞ்ச வேண்டியது, டெட்டனேட்டரும் அதற்கடுத்த தூண்டுமருந்தும் அடங்கிய உலோகக் குழல். அருங்காட்சியகத்துக்கு உகந்த பொருள் என்று பலரும் ஆசையாக எடுப்பது பெரும்பாலும் அதைத்தான்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் விமானத்திலிருந்து போட்ட காந்தக் கண்ணி, கப்பலின் இரும்பால் காந்தப்புலம் மாறுவதை உணர்ந்து வெடிப்பது; நீள உருளை வடிவானது, உடல் அலுமினியக் கலவை, கொம்பு கிடையாது. அதன் மின்கலங்கள் எப்போதோ செத்திருக்கும் என்றாலும், சிறிய வகையில் சுமார் 300 கிலோ, பெரிய வகையில் சுமார் 700 கிலோ வெடிமருந்து அப்படியே இருக்கும். 1939 நவம்பர் 23 அன்று எஸ்ஸெக்ஸ் கரையிலுள்ள ஷூபரிநெஸ் சேற்றுவெளியில் கிடைத்த அத்தகைய கண்ணியை ஜான் ஊவ்ரி என்ற கடற்படை அதிகாரி பிரித்தபோது, காந்தத்தால் ஈர்க்கப்படாத பித்தளைக் கருவிகளை அதற்கென்றே செய்வித்தார்கள். விபரீதம் நேர்ந்தால் அடுத்து வருபவருக்கு எந்த இடத்தில் தவறியது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, இருவர் தொலைவில் நின்றுகொண்டார்கள். இவ்வளவு கற்றவர்களும் தப்பவில்லை: 1940 ஆகஸ்டில், போர்ட்ஸ்மத்தில் இருந்த ‘வெர்னன்’ கடற்படைத் தளத்தில், பிரிப்பவரைக் கொல்வதற்கென்றே உள்ளே வைக்கப்பட்டிருந்த பொறி வெடித்துச் சிலர் இறந்தார்கள். சுத்தியலும் துருநீக்கியும் வைத்துக்கொண்டு கொல்லைக் கொட்டகையில் இறங்குபவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கோபம்தான் வருகிறது.

உங்கள் நிலையில் செய்ய வேண்டியது இது. பொருளைத் தொடாமல், வீட்டாரையும் வெளியேற்றி, தள்ளிச் சென்று பிரிட்டனின் அவசர அழைப்பு எண்ணான 999-ஐ அழைத்துக் காவல்துறையிடம் விவரத்தைச் சொல்லுங்கள். எடுத்திருக்கும் படமே அவர்களுக்குப் போதும், இன்னொரு படம் எடுக்கத் திரும்பிப் போக வேண்டாம். வெடிபொருள் அகற்றும் படையினரை அவர்களே அனுப்புவார்கள். காரில் வைத்து நீங்களே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். இனிமேல் கரையிலேயே கண்ணில் பட்டால், அங்கேயே விட்டுவிட்டு இடத்தை மட்டும் மனத்தில் வைத்து, அதே எண்ணில் கடலோரக் காவல்படையைக் கேளுங்கள். ஆபத்தில்லை என்று அவர்கள் திருப்பிக் கொடுத்தாலும், அது மூழ்கிய கப்பலொன்றிலிருந்து வந்ததாக இருந்தால் 28 நாட்களுக்குள் கப்பற்சிதைவுகளுக்கான அரசு அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.