எனக்கும் அம்மாவுக்கும் போன் வாங்க வேண்டும், இருவருக்கும் ஐபோனே சரிவருமா?

இரண்டு பேருக்கும் ஒரே வகை வேண்டும் என்று இல்லை. நீங்கள் வீடியோ எடுப்பவர், வீட்டில் மேக் கணினியும் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்கு ஐபோன்தான். எடுத்த வீடியோ கம்பி இல்லாமலே கணினிக்குப் போய்விடும்.

அம்மாவுக்கு ஆண்ட்ரொய்ட் வாங்குங்கள். உங்கள் அம்மா இரண்டு சிம் வைத்திருக்கிறார், பழைய படங்களெல்லாம் மெமரி கார்டில் என்கிறீர்கள். ஐபோனில் கார்ட் போட இடமே கிடையாது. ஆண்ட்ரொய்டிலும் எல்லா மொடலிலும் இருக்காது, அதனால் கடையில் சிம் தட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம், எத்தனை வருடம் அப்டேட் வரும் என்றும் கேளுங்கள். சாம்சங் எஸ்24 வரிசைக்கு 7 வருடம். மலிவான போன்கள் பலவற்றுக்கு அதைவிடக் குறைவு.

கொழும்பில் லிபர்ட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ ஐபோன் மலிவாகக் கிடைத்தால் கவனம். அமெரிக்காவுக்கென்று வந்த ஐபோன் 14 முதல் சிம் தட்டு இல்லை, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். சிம்மை மாற்றி மாற்றிப் போடுபவருக்கு அது பெரிய தலையிடி.

எதை வாங்கினாலும், காசு கொடுக்க முன் *#06# அழுத்துங்கள். போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ வரும். IMEI என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909க்குக் குறுந்தகவலாக அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். பதில் வரும்வரை கடையை விட்டு நகராதீர்கள்.